கடை உரிமம் இருந்தும் திருட்டுப் போன் வழக்கா?

கேள்வி: பழைய செல்போன் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். நகராட்சி உரிமம், ஜி.எஸ்.டி. எல்லாம் உண்டு. மூன்று மாதம் முன்பு ஒருவரிடம் 6,000 ரூபாய்க்கு வாங்கிய போனை 8,500க்கு விற்றேன். வாங்கியவர் சிம் போட்டதும் அது திருட்டுப் போன் என்று தெரிந்து, போலீசார் பறிமுதல் செய்துவிட்டார்கள். எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. எஸ்.ஐ. மரியாதையில்லாமல் பேசுகிறார். எதிர்க்கடைக்காரருக்கு உரிமமே கிடையாது, அவரை யாரும் கேட்பதில்லை. வாடிக்கையாளர் வேறு பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். ஏமாந்தவன் நான், நான் ஏன் கொடுக்க வேண்டும்? விற்றவரின் போன் எண் இருக்கிறது. அவரிடம் இப்போது ஆதார் நகல் வாங்கி நோட்டில் எழுதி வைத்துவிடலாமா?

பதில்: எதிர்க்கடையையும் எஸ்.ஐ.யின் பேச்சையும் விட்டுவிடுங்கள். உரிமமும் உங்களுக்கு உதவாது. கடை நடத்தலாம் என்பதற்குத்தான் அது அனுமதி. கடைக்குள் வந்த பொருள் யாருடையது என்று அது சொல்லாது.

நீதிமன்றம் கேட்கப்போவது ஒன்றுதான்: வாங்கிய அன்று, இது திருட்டுப் பொருள் என்று நம்புவதற்குக் காரணம் இருந்ததா? இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், திருட்டுப் பொருள் வாங்குவதற்கான பிரிவு 317(2). அதில் 'எனக்குத் தெரியாது' என்பது மட்டும் போதாது. பெட்டி, பில் இருந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. இருந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள்.

சரி, அந்த நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். இந்த வகை வழக்கில் கட்சிக்காரர்கள் போய் விழும் குழி இதுதான். நோட்டீஸ் வந்த அன்று இரவு உட்கார்ந்து மூன்று மாதக் கணக்கையும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதுவார்கள். பக்கத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். ஆதார் நகல் இன்னும் மோசம். இணையத்தில் இறக்கிய ஆதாரின் ஓரத்தில், இறக்கிய தேதி பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். போன மாதம் இறக்கியதை மூன்று மாதம் முன்பே வாங்கினேன் என்று எப்படிச் சொல்வீர்கள்? அதுவரை 'கவனக்குறைவான வியாபாரி' என்று வாதாட இடமிருக்கும். அப்புறம் பொய்ச் சாட்சியம் புனைந்ததற்கு 229ஆம் பிரிவும் சேரும்.

பதிவேடு இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். கையில் இருக்கும் உண்மையான தடயத்தைக் கொடுங்கள்: அந்தப் போன் எண், அன்றைய கால் விவரம், 6,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதன் பதிவு. விற்றவரை நீங்களே தேடிப் போகாதீர்கள். அவர் தலைமறைவானால், தப்பவிட்டதே நீங்கள்தான் என்பார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, கடையில் இருக்கும் மற்ற போன்கள். 317(2)க்குத் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு. நோட்டீஸுக்கு ஒழுங்காக ஆஜரானால் பொதுவாகக் கைது வரை போகாது. அதே கடையில் இன்னும் இரண்டு திருட்டுப் போன் அகப்பட்டால், வழக்கமாகத் திருட்டுப் பொருள் வாங்குபவர் என்று 317(4)க்குத் தாவுவார்கள். அதற்கு 10 ஆண்டு, ஆயுள்வரைகூடப் போகலாம். நோட்டீஸ் தரும் பாதுகாப்பும் அங்கே கிடையாது. ஆகவே ஸ்டாக்கில் உள்ள ஒவ்வொரு போனிலும் *#06# போட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். சந்தேகமானது இருந்தால் நண்பர் வீட்டுக்கு மாற்றாதீர்கள், மறைக்க உதவுவதும் தனிக் குற்றம். வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கொடுத்து ஒப்படையுங்கள். இனி வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துதான் ஆக வேண்டும். பழைய போன் வியாபாரிகளுக்கு இந்தச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி 2025 அக்டோபரில் தொலைத்தொடர்பு விதிகளைத் திருத்திவிட்டார்கள்.

வாடிக்கையாளருக்கு 8,500 ரூபாயை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். திருடனுக்கு இல்லாத உரிமை உங்களுக்கு வரவில்லை, உங்களிடமிருந்து அவருக்கும் போகவில்லை. சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆம் பிரிவு சொல்வது இதுதான். வாதாட இடமில்லை. தவிர, உங்களுக்கு எதிரான முதல் சாட்சியே அவர். வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாக்குமூலத்தை மாற்றச் சொல்லி மட்டும் பேசாதீர்கள்.

போனைத் தொலைத்தவரிடமும் வழக்கறிஞர் மூலம் பேசுங்கள். 317(2) அவர் சம்மதித்தால் சமரசமாக முடிக்கக்கூடிய குற்றம், 317(4) அப்படியல்ல. பிரிவு மாறுவதற்குள் முடித்துக்கொள்வதே நல்லது. அவர் செலவுக்கென்று ஏதாவது கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுங்கள், வழக்கு நடத்துவதற்கு அதைவிட அதிகம் ஆகும்.