கூட்டுத் திட்டம் பாதியில் நிற்காமலிருக்க எந்த இணையவழிப் பயிற்சியில் சேரலாம்?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மாணவர்களுக்கு 12 வயது. சென்ற ஆண்டு வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுடன் தொடங்கிய கூட்டுத் திட்டம் மூன்றே வாரத்தில் நின்றுவிட்டது. முறையாகக் கற்றுக்கொள்ள இணையவழிப் பயிற்சி ஒன்றில் சேர விரும்புகிறேன். சில பயிற்சிகளை நம் வசதிக்குப் படித்து முடித்துக்கொள்ளலாம். சில எட்டு வாரம் ஆசிரியர் குழுவோடு நடக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? பயிற்சிக் காலத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மூன்றாவது வாரம்தான் இந்த வகைத் திட்டங்களுக்குக் கண்டம். முதல் வாரம் அறிமுகக் கடிதம் போகும். இரண்டாவது வாரம் ஊரைப் பற்றிய படங்கள் போகும். மூன்றாவது வாரம் எதை அனுப்புவதென்று இரு பக்கமும் தெரியாது. எதிர்ப்பக்கத்து ஆசிரியருக்கு அக்கறை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வாரம் அங்கே தேர்வு தொடங்கியிருக்கலாம், விடுமுறை வந்திருக்கலாம், தலைமையாசிரியர் அனுமதி தராமல் இருந்திருக்கலாம். இதையெல்லாம் தொடங்கும் முன்பே இருவரும் பேசியிருக்க வேண்டும்.

ஆகவே எந்தப் பயிற்சியைப் பார்த்தாலும், அது முடியும் நாளில் உங்கள் கையில் என்ன இருக்கும் என்று முதலில் கேளுங்கள். சான்றிதழ் மட்டும்தான் என்றால் அது உங்களுக்கு வேண்டியதில்லை. வேறு நாட்டு ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து எழுதி, தேதி குறித்து, இருவரும் ஒப்புக்கொண்ட திட்டத் தாள் கிடைக்கும் என்றால் தயங்காமல் சேருங்கள்.

இதனால்தான் தனியாகப் படித்து முடிக்கும் பயிற்சியை உங்களுக்கு நான் பரிந்துரைக்கவில்லை. ஒரு கருவியைக் கையாளக் கற்க அது போதும். கூட்டுத் திட்டத்துக்குத் தேவையானது வேறு திறமை: முகம் பார்த்திராத ஒருவரோடு, வேறு நேர மண்டலத்தில், எழுத்து வழியாகவே வேலையை ஒப்புக்கொண்டு முடிப்பது. அதைக் காணொளி பார்த்துப் பழக முடியாது. பல நாட்டு ஆசிரியர்கள் ஒரே நாளில் தொடங்கி, வழிநடத்துநர் ஒருவரோடு ஆறு முதல் எட்டு வாரம் போகும் பயிற்சியே மாணவர்கள் பின்னால் செய்யப்போவதற்கு உண்மையான ஒத்திகை. வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டு சேருங்கள். உங்கள் தேர்வு மாதத்தில் சேர வேண்டாம்.

பாடத்திட்டத்தைப் படிக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, அதில் உள்ள கருவிகளின் பெயர்கள். ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. கூகுள் ஜாம்போர்டு என்ற இணைய வெண்பலகை 2024 இறுதியில் நின்றது. ஃபிளிப் என்ற காணொளிச் செயலியும் தனிச் சேவையாக 2024இல் முடிந்தது. இவற்றை இன்னும் கற்பிக்கும் பயிற்சியை யாரும் புதுப்பிக்கவில்லை என்று பொருள். மற்றொன்று, முதல் இரண்டு வாரத்தில் என்ன நடக்கிறது என்பது. இணையவழிக் கற்பித்தலுக்குக் கல்வியாளர் ஜில்லி சால்மன் வகுத்த ஐந்து படிநிலைகளில் முதலாவது உள்ளே நுழைந்து பழகுவது, இரண்டாவது ஒருவரையொருவர் அறிந்துகொள்வது. தகவல் பரிமாற்றமே மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் நாளே 'குழுவாகத் திட்டம் தயாரியுங்கள்' என்று சொல்லும் பயிற்சியில் பாதிப் பேர் மௌனமாகிவிடுவார்கள். அறிமுகத்துக்கு ஒதுக்கும் வாரம் வீணான வாரம் அல்ல.

எங்கே தேடலாம்? 1988இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் இணைத்த முயற்சியிலிருந்து வளர்ந்தது, பல நாட்டுப் பள்ளிகளைக் கூட்டுத் திட்டங்களில் சேர்க்கும் ஐஎர்ன் வலையமைப்பு. ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சியும், சேர்ந்துகொள்ளத் தயாரான திட்டங்களும் அங்கே ஒரே இடத்தில் உண்டு. அதன் 'கற்றல் வட்டம்' என்ற முறை கல்வி ஆய்வாளர் மார்கரெட் ரீல் வளர்த்தெடுத்தது. ஆறு முதல் எட்டு வகுப்புகள் ஒரு வட்டமாகச் சேரும். ஒவ்வொரு வகுப்பும் ஒரு திட்டத்தை முன்வைக்கும், மற்ற வகுப்புகள் எல்லாம் அதற்குப் பங்களிக்கும். எட்டு வகுப்புகள் கொண்ட வட்டம் என்றால் உங்கள் மாணவர்கள் தம் திட்டத்தோடு இன்னும் ஏழு திட்டங்களுக்கும் எழுத வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் சேருபவர்கள் ஏழாவது வாரத்தில் மூச்சுத் திணறுகிறார்கள். வகுப்பை ஏழு சிறு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு திட்டம் கொடுத்துவிட்டால் சமாளிக்கலாம்.

பள்ளிகளை இணையவழியில் இணைக்கும் இ-ட்வின்னிங் 2005இல் ஐரோப்பிய ஆணையம் தொடங்கியது. 2022 முதல் ஐரோப்பியப் பள்ளிக் கல்வித் தளத்தில் இயங்குகிறது. குறுகிய இணையவழிப் பயிற்சிகள் நிறைய உண்டு. ஆனால் பதிவு ஐரோப்பாவுக்கும் அதையொட்டிய சில நாடுகளுக்கும்தான், உங்கள் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஆசைப்படுங்கள். அறிவியல் ஆசிரியருக்கு நான் முதலில் காட்டுவது, பல நாட்டு மாணவர்கள் சுற்றுச்சூழலை அளந்து பகிரும் குளோப் திட்டம். 1994இல் அறிவிக்கப்பட்டு 1995இல் நடைமுறைக்கு வந்தது. அளக்கும் முறைகளை இணையவழியிலேயே கற்று, தேர்வெழுதித் தேறிய பிறகு உங்கள் வகுப்பு தரவுகளைப் பதிவேற்றலாம். காற்றின் வெப்பநிலையைச் சூரிய நண்பகலுக்கு (அன்று சூரியன் மிக உயரத்தில் இருக்கும் நேரம்) ஒரு மணி நேரம் முன்பின்னாக அளக்க வேண்டும் என்பது போன்ற கறாரான விதிகள் அங்கே உண்டு. அந்தக் கறார்தான் வேறு வேறு நாட்டு மாணவர்களின் எண்களை ஒப்பிட வைக்கிறது.

பயிற்சி தொடங்கிவிட்டால், முதல் பத்து நாளில் உங்கள் முக்கிய வேலை கூட்டாளியைக் கண்டுபிடிப்பது. பக்கம் பக்கமாக எழுதுபவரைத் தேடாதீர்கள். யார் இரண்டு நாளுக்குள் பதில் எழுதுகிறார், யார் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள். அப்படி மூன்று பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் எப்படியும் விலகுவார். மூவருக்கும் ஒரே கடிதம் போகட்டும்: மாணவர்களின் வயதும் எண்ணிக்கையும், வாரத்தில் ஒதுக்கக்கூடிய பாடவேளைகள், வகுப்பில் உள்ள கணினிகள், பள்ளி அனுமதிக்கும் செயலிகள், ஆண்டின் தேர்வு, விடுமுறைத் தேதிகள், தலைமையாசிரியர் ஒப்புதல் எழுத்தில் இருக்கிறதா என்பது. இந்த ஆறுக்கும் பதில் வந்தால் அவர் கூட்டாளி. நட்பான வாழ்த்து மட்டும் வந்தால் நட்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வாரத்தில் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். இரு வகுப்பிலும் ஐந்து மாணவர்கள் மட்டும், ஒரே கேள்வி, ஒரு படம், ஐம்பது சொல் குறிப்பு, ஏழு நாள் கெடு. பள்ளி இணையம் எந்தத் தளத்தைத் தடுக்கிறது, கோப்பு எவ்வளவு பெரிதாகிறது என்பதெல்லாம் இங்கேயே வெளிப்படும். கைபேசியில் 1080பி தரத்தில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி நூறு மெகாபைட்டைத் தாண்டலாம். 720பிக்கு மாற்றினால் ஏறக்குறையப் பாதியாகும்.

இனி திட்டத்தின் உள்ளடக்கம். எதிர் வகுப்பு இல்லாமலே உங்கள் வகுப்பு அந்த வேலையை முடித்துவிட முடியும் என்றால் அது பரிமாற்றம்தான், கூட்டுத் திட்டம் ஆகாது. மூன்றாவது வார மௌனத்துக்கு இதுவே ஆழமான காரணம்: அவர்கள் அனுப்பாவிட்டாலும் இங்கே எதுவும் நிற்பதில்லை. ஒருவர் எண் இல்லாமல் மற்றவர் விடை காண முடியாதபடி கேள்வியை அமையுங்கள்.

நிழலைக் கொண்டு பூமியின் சுற்றளவை அளப்பது இதற்கு மிகப் பொருத்தம். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் செய்தது இது. இரு பள்ளியும் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, அவரவர் ஊரின் சூரிய நண்பகலில் நிழலை அளக்கட்டும். நிழலின் நீளத்தைக் குச்சியின் நீளத்தால் வகுத்து, அந்த விகிதத்துக்குரிய கோணத்தை டேன்ஜென்ட் அட்டவணையில் பார்க்கலாம். ஏழாம் வகுப்புக்கு அது கடினம் என்றால் அளவுப்படி வரைந்து கோணமானியால் அளக்கலாம். இரு கோணங்களின் வித்தியாசம் 10 பாகை, வடக்கு தெற்காக இரு ஊர்களின் தூரம் 1,110 கிலோமீட்டர் என்றால், 10 பாகை முழு வட்டத்தின் 360 பாகையில் 36இல் ஒரு பங்கு என்பதால், 1,110ஐ 36ஆல் பெருக்க 39,960 கிலோமீட்டர் வருகிறது. உண்மை அளவு ஏறக்குறைய 40,000.

இதில் தவறு நேரும் இடங்கள் நான்கு, நான்கும் மாணவர்களுக்கு நல்ல பாடம். கடிகாரத்தின் பன்னிரண்டு மணி சூரிய நண்பகல் அல்ல. அன்றைய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுப்புள்ளியே நண்பகல். அதற்கு இருபது நிமிடம் முன்பே தொடங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்து, மிகக் குறுகியதை எடுக்க வேண்டும். சாலைத் தூரத்தைப் போட்டால் விடை கெடும். இரு ஊர்களின் அட்சரேகைகளுக்கு இடையிலான தூரமே வேண்டும். ஓர் ஊரில் நிழல் வடக்கேயும் மற்ற ஊரில் தெற்கேயும் விழுந்தால் கோணங்களைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். நான்காவதை ஆசிரியர்களே பலமுறை தவறவிடுகிறார்கள். மார்ச், செப்டம்பர் சமஇரவு நாட்களை ஒட்டிச் சூரியனின் நிலை நாளொன்றுக்கு 0.4 பாகை மாறுகிறது. எனவே ஒரு ஊரின் திங்கள் அளவையும் இன்னொரு ஊரின் வியாழன் அளவையும் சேர்த்தால் ஒரு பாகைக்கு மேல் பிழை வரும். இரு வகுப்பும் ஐந்து நாள் தொடர்ந்து அளக்கட்டும். இரு ஊரிலும் மேகம் இல்லாத ஒரே நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நிழலின் நீளத்தில் ஒரு செண்டிமீட்டர் பிழை அரை பாகைக்குச் சற்று மேல் வரை ஆகும் என்பதால் ஊர்களுக்கிடையே அட்சரேகை இடைவெளி அதிகமாக இருப்பது நல்லது.

காலண்டர் பற்றிப் பலர் கேட்பதில்லை, ஆனால் திட்டங்களை அதிகம் உடைப்பது அதுதான். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும், ஐரோப்பாவின் பல நாடுகளில் செப்டம்பரில், பிரேசிலில் பிப்ரவரியில். இரு பள்ளியின் தேதிகளையும் ஒரே தாளில் வைத்து, தொடர்ந்து எட்டு வாரம் இரு பக்கமும் வகுப்பு நடக்கும் இடத்தைத் தேடுங்கள். வெள்ளி, சனி விடுமுறை உள்ள நாட்டோடு சேர்ந்தால் பொதுவான நாட்கள் திங்கள் முதல் வியாழன் வரை நான்குதான். நேரத்தை எப்போதும் உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று. இடையே இரண்டு அல்லது மூன்று வாரம் வழக்கமான நேர வித்தியாசம் ஒரு மணி பிசகும். இலையுதிர் காலத்தில் ஐரோப்பா ஒரு வாரம் முந்திக்கொள்ளும். அந்த நாட்களில் வைத்த நேரலைச் சந்திப்புக்கு ஒரு வகுப்பு வந்து ஒரு மணி நேரம் காத்திருந்து கலைவது நடக்கிறது, குழந்தைகள் முகம் வாடுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

நேர வித்தியாசம் ஐந்தாறு மணியைத் தாண்டினால் நேரலையை நம்பாதீர்கள், இரு பள்ளியின் பாடவேளைகளும் சேராது. முழுத் திட்டத்துக்கும் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு சந்திப்பு போதும், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். சந்திப்புக்கு முந்தைய நாள் அதே அறையிலிருந்து அதே கணினியில் ஆசிரியர்கள் இருவரும் பேசிப் பாருங்கள். ஓர் அறையில் இரண்டு கருவி ஒலியோடு திறந்திருந்தால் ஒன்றின் ஒலிபெருக்கியை மற்றதன் மைக் பிடித்து ஊளையிடும். ஒன்றை முழுதும் மௌனமாக்குங்கள்.

உங்கள் மாணவர்கள் 12 வயது என்பதால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவின் கோப்பா சட்டம் 13 வயதுக்குக் குறைந்தோரின் தகவலைச் சேவைகள் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் அந்த வயது வரம்பு 16, நாடுகள் அதை 13 வரை இறக்கிக்கொள்ளலாம். பல தளங்களின் விதிமுறையும் இதையொட்டியே. ஆகவே மாணவர்களுக்குத் தனித்தனிக் கணக்கு வேண்டாம், ஆசிரியர் கணக்கிலிருந்தே பதிவேற்றுங்கள். பெயரில் முதல் பெயர் மட்டும், படத்தில் பள்ளிச் சின்னம் வேண்டாம். கைபேசியில் இடக்குறிப்பை அணைத்த பிறகே படம் எடுக்கட்டும், இல்லையென்றால் படக்கோப்பிலேயே இருப்பிடம் பதிந்து போகும். பெற்றோர் படிவம் பயிற்சி முடியும் முன்பே திரும்பி வந்திருக்க வேண்டும்.

கடைசியாக, திட்டத் தாளில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'பத்து நாள் பதில் இல்லையென்றால் என்ன செய்வது.' ஐந்தாம் நாள் ஒரு குறுஞ்செய்தி, எட்டாம் நாள் அந்தப் பள்ளியில் முன்பே குறித்து வைத்த இரண்டாவது ஆசிரியருக்கு மின்னஞ்சல், பத்தாம் நாள் பட்டியலில் உள்ள அடுத்த கூட்டாளியோடு வேலையைத் தொடர்வது. விலகியவர் பிறகு வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். இதை முதலிலேயே இருவரும் எழுதி ஒப்புக்கொண்டிருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது, மாணவர்களின் அளவீடுகளும் நோட்டிலேயே முடங்காது.