மொய் நோட்டும் ஆய்வு நிதியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புதுக்கோட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். பதினோரு வருட சர்வீஸ். கடந்த நான்கு ஆண்டுகளில் மூன்று இடங்களுக்கு ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பித்தேன். தலைப்பு, ‘புதுக்கோட்டை மாவட்டத்தில் மொய் வழக்கம்: ஒரு சமூகப் பொருளாதார ஆய்வு’. இரண்டு இடத்தில் நிராகரித்துவிட்டார்கள், ஒரு இடத்தில் பதிலே இல்லை. ‘இதெல்லாம் டெல்லியில் ஆள் வைத்திருப்பவர்களுக்கும்மா’ என்கிறார் எங்கள் துறைத் தலைவர். எனக்கு ஆங்கிலமும் கொஞ்சம் தடுமாறும். அமெரிக்காவில் இலக்கியம், வரலாறு நடத்துபவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்களாமே, நமக்கு மட்டும் ஏன் இப்படி?

எங்கள் அப்பத்தா வீட்டில் 1951-லிருந்து மொய் நோட்டுகள் இருக்கின்றன. பழைய நோட்டுகளில் பணத்தோடு அரிசி, தேங்காய் எல்லாம் எழுதியிருக்கும். ஒரு கட்டத்தில் அது நின்றுவிடுகிறது. கரையான் தின்பதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். இனியும் விண்ணப்பிப்பதில் அர்த்தம் உண்டா?

ம.

*

அன்புள்ள ம.,

நீங்கள் இணைத்திருந்த பன்னிரண்டு பக்க விண்ணப்பத்தையும் படித்துவிட்டேன். கடிதம் நன்றாக இருக்கிறது. விண்ணப்பம்தான் சரியில்லை.

அந்த அரிசியும் தேங்காயும் எங்கே போயின? பன்னிரண்டு பக்கமும் தேடினேன். முதல் மூன்று பக்கம் மொய் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்கிறீர்கள். அடுத்து மாவட்டத்தின் பரப்பளவு, வட்டங்கள், ஆண்டு மழையளவு. மழையளவு எதற்கு? அப்புறம் ‘ஆய்வின் நோக்கங்கள்’ ஏழு. ஏழும் ‘அறிதல்’, ‘ஆராய்தல்’ என்று முடிகின்றன. அப்பத்தா வீட்டு நோட்டுகள் எட்டாம் பக்கத்தில் ‘முதன்மைத் தரவுகள்’ என்ற பெயரில் பதுங்கிக் கிடக்கின்றன. கரையான் விஷயத்தை எனக்கு எழுதியிருக்கிறீர்கள், பணம் தர வேண்டியவர்களுக்கு எழுதவில்லை.

இந்த மாதிரி ஒரு தேர்வுக் குழுவில் ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன். எது என்று கேட்காதீர்கள். ஒன்றரை நாளில் எழுபதுக்கு மேல் விண்ணப்பங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைக்கு வந்தவற்றின் கதி பாவம்தான். ‘ஒரு சமூகப் பொருளாதார ஆய்வு’ என்று தலைப்பு முடிந்தாலே எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடிவிடுவார். சிபாரிசோடு வந்தவை இல்லையா என்றால், இருந்தன. இரண்டு. அதில் ஒன்று தேறவும் செய்தது. ஆகவே உங்கள் துறைத் தலைவர் சொல்வதை முழுப்பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தேறாமல் போன மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் டெல்லிக்கும் சம்பந்தமில்லை. அவற்றில் தலைப்பு இருந்தது, கேள்வி இல்லை.

உங்களிடம் கேள்வி இருக்கிறது. அரிசி எந்த வருடம் நின்றது? 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்ததே, அந்த வருட நோட்டில் கணக்கு எப்படி மாறுகிறது? அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த அறுபதுகளில் மொய்யில் அரிசி கூடியதா, குறைந்ததா? ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று 1967 தேர்தலில் மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு காதுகுத்துக்கு மரக்கால் அரிசி சுமந்து வந்தவர் யார், அவருக்கு அது எந்த வருடம், என்னவாகத் திரும்பிப் போனது? இதை முதல் பத்தியில் வைத்தால் பேனாவை மூடுகிறவர்கூட ஒரு நிமிடம் நிற்பார். உங்கள் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அப்படியே சேருங்கள்.

ஆங்கிலத்துக்காகத் தயங்க வேண்டாம். முதலில் தமிழில் எழுதிவிட்டு, ஆங்கிலத் துறையில் உங்களோடு டீ குடிக்கிற யாரிடமாவது கொடுங்கள். சுத்தமான ஆங்கிலத்தில் வந்த வெறும் தலைப்புகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத்து மொய்யைப் பற்றி ஆராயத் தமிழில் விண்ணப்பிக்க முடியாமல் இருப்பது அநியாயம்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பெங்களூரில் 1993-ல் தொடங்கப்பட்ட இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், விண்ணப்பத்தை எந்த இந்திய மொழியிலும் அனுப்பலாம் என்கிறது. ஒரு தனியார் அறக்கட்டளையால் முடிவது மற்றவர்களால் ஏன் முடியவில்லை? (அவர்களுடையது கலைகளுக்கான நிதி. மொய் அங்கே இழுத்தால்தான் பொருந்தும். உங்கள் கல்லூரியில் கூத்து, சிற்பம் என்று அலைகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.)

சரி, எங்கே அனுப்புவது? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தந்த சின்ன ஆய்வு நிதியை ‘மைனர் புராஜெக்ட்’ என்று நம் கல்லூரிகளில் ஒரு தலைமுறையே சொல்லிக்கொண்டிருந்ததே, அந்த ஊற்று 2017-ல் பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தோடு ஏறக்குறைய வற்றிவிட்டது. 2022-ல் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கென்று 10 லட்சம் ரூபாய் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். அதற்குத் தகுதி, ஐந்து பேருக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்திருக்க வேண்டும், ஏற்கெனவே இரண்டு நிதி ஆய்வுகளை முடித்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனவனுக்குத்தான் பெண் தருவோம் என்கிற மாதிரி. உங்களுக்கு இப்போதைக்கு ஆகாது.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது 1969-ல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகமும் 1972-ல் வந்த இந்திய வரலாற்று ஆய்வுக் கழகமும். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்துகிற ‘அழியும் நிலையில் உள்ள ஆவணங்கள்’ திட்டத்தையும் பாருங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் அந்த நிதியில்தான் கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களை, 1870 முதல் 1940 வரையிலானவற்றை, ஊர் ஊராகத் தேடிப் படமெடுத்தார்கள். உங்கள் வேலைக்கு அது அக்காள் முறை. ஆனால் 1951 நோட்டு அவர்களுக்கு ரொம்ப இளசு. அக்கம்பக்கத்து ஊர்களில் அதற்கு முந்தைய நோட்டுகள் கிடைத்தால் யோசிக்கலாம். அங்கே படமெடுத்துப் பாதுகாக்கத்தான் பணம், உட்கார்ந்து ஆராய்ந்து எழுத இல்லை.

எழுதுவதற்கு வேண்டியது நேரம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்று விதியில் இருக்கிறது. கல்லூரிக்குத் தரச் சான்று தருகிற நாக் கமிட்டிக்கான ஃபைல், பேப்பர் திருத்துவது, என்எஸ்எஸ் முகாம் எல்லாம் அந்தப் பதினாறில் வராது. பணம் வந்து நேரம் வராமல், கல்லூரி அலமாரியில் புதுப் பிரிண்டரும் பாதி அறிக்கையுமாக முடிந்த புராஜெக்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். நேரத்தைத் தருகிற உதவித்தொகை வேறு ஜாதி. சிம்லாவில் வைஸ்ராய்களுக்காக 1888-ல் கட்டி முடித்த மாளிகையில்தான் 1965-லிருந்து இந்திய உயர் ஆய்வு நிறுவனம் நடக்கிறது. அதிகபட்சம் இரண்டு ஆண்டு அங்கே தங்கி ஒரு நூலை எழுதலாம். இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தருகிற ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை என்றால் சில மாதங்கள் அமெரிக்கா. இரண்டுக்கும் கல்லூரி நிர்வாகம் விட வேண்டும். கல்லூரிகள் பயப்படுவது உங்கள் வகுப்பை யார் எடுப்பது என்பதற்காகத்தான். ஆசிரியர்கள் முனைவர் பட்டம் முடிப்பதற்கான பழைய யுஜிசி திட்டத்தில் மாற்று ஆசிரியரின் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு. நம் கல்லூரி ஆசிரியர்களுக்கு வந்த சலுகைகளில் அதற்கு ஈடாக இன்னொன்றை நான் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே இலக்கியம், வரலாறு போன்ற துறைகளுக்கென்றே 1965-ல் சட்டம் போட்டு, கூட்டரசுப் பணத்தில் ஒரு தேசிய நிதியம் வைத்தார்கள். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதக்கூட அது உதவித்தொகை தந்தது. 2025 ஏப்ரலில், ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகளை ஒரே மூச்சில் ரத்து செய்தார்கள். பாதி வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். அக்கரைப் பச்சை.

கிடைத்த பிறகு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு முறை சின்னதாக ஒரு நிதி கிடைத்தது, விசேஷ வீடுகளில் மொய் எழுதுகிறவர்களைப் பார்த்துப் பேச. ஆலங்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், நாற்பது வருடமாக ஊருக்கே மொய் எழுதுகிறவர், அரை நாள் எனக்காக உட்கார்ந்தார். முந்நூறு ரூபாயைக் கொடுத்து வவுச்சரில் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வவுச்சரின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, தகப்பன் பெயர், தன் பெயர், ஊர், ‘ரூ 300 வரவு’ என்று மொய் நோட்டில் எழுதுவது போலவே எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தார். கையெழுத்து எங்கே என்று கேட்டேன். ‘நம்ம எழுத்தே கையெழுத்துதானே தம்பி’ என்றார். மூன்று மாதம் கழித்து ஆடிட்டர் அதைத் திருப்பி அனுப்பினார். கையெழுத்து இல்லையாம், பில் நம்பர் இல்லையாம். திரும்ப ஊருக்குப் போய் வரப் பஸ் செலவு நூற்றிருபது, அதையும் எந்தத் தலைப்பிலும் எழுத முடியவில்லை. பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்கிற சான்றிதழ், அதாவது யூ.சி., கொடுக்காமல் கடைசித் தவணை வராது, ஞாபகம் இருக்கட்டும். முதல் நாளிலிருந்தே ஒரு டப்பாவில் ரசீதுகளைப் போட்டு வாருங்கள்.

ஆகவே, விண்ணப்பியுங்கள். நோட்டுகளைப் படமெடுக்க மட்டும் யாருடைய பணத்துக்கும் காத்திருக்க வேண்டாம். அப்பத்தா வீட்டுத் திண்ணையில் பகல் வெளிச்சத்தில் செல்போனிலேயே எடுத்துவிடலாம், கரையானுக்கு நிதியாண்டு கிடையாது. அப்புறம் ஆடி மாதம் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஒரு மொய் விருந்துக்குப் போய் வாருங்கள். கறி விருந்து. சாப்பிட்டால் மொய் எழுதத்தான் வேண்டும், அதைக் களச்செலவில் காட்டலாமா என்று கேட்பீர்கள். இப்போதெல்லாம் அங்கே பணம் எண்ணும் மெஷின் வைத்து, கம்ப்யூட்டரிலேயே ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். நம்பரோடு. ஆடிட்டர் ஒன்றும் சொல்ல முடியாது.