பெரிய மடியா, நல்ல மடியா?

ஆட்டுக்கொட்டில்: கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒருவர் சானென் என்ற கறவை இனத்தின் கலப்பு ஆடுகள் இரண்டை விற்கிறார். இரண்டுமே இரண்டாம் ஈற்று. ஒன்றுக்கு மடி பெரிது, முட்டிக்குக் கீழே தொங்குகிறது. மற்றதற்கு அடக்கமான மடி. விலையில் 400 வெள்ளி வித்தியாசம். பெரிய மடிதான் வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார்.
– வாசகி, பகாவ்

பதில்: காசை எடுப்பதற்கு முன்னால் இரண்டு ஆட்டையும் உங்கள் கண்ணெதிரே கறந்து காட்டச் சொல்லுங்கள், தங்கச்சி. விற்கிற நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் கறக்காமல் விட்டு, மடியை நிரப்பிக் காட்டுவது பழைய வித்தை. நிரம்பிய மடி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். கறந்து முடித்த பிறகு கை வைத்துப் பாருங்கள். நல்ல மடி என்றால் துவைத்துப் பிழிந்த துணி போலத் துவண்டு சுருங்கிவிடும். கறந்த பிறகும் பருத்துக் கெட்டியாக இருந்தால் அது வெறும் சதை மடி. அளவு பெரிது, பால் கம்மி.

அப்படியே விரலால் மெல்ல அழுத்தித் தடவிப் பாருங்கள். உள்ளே கட்டியோ முடிச்சோ தட்டுப்பட்டால் முன்பு மடிநோய் வந்து போயிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்து, தொட்டதும் ஆடு உதைத்தால் நோய் இப்போதே இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இரண்டு காம்பிலிருந்தும் முதல் பீச்சை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரியோ துகளோ தெரிந்தாலும் சரி, தண்ணீராக வந்தாலும் சரி, வேண்டாம்.

அப்புறம் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். ஆட்டு மடி இரண்டு பாதி, பாதிக்கு ஒரு காம்பு. நடுவே ஒரு தாங்கு நார் மடியை மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது. அது உறுதியாக இருந்தால் இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு பள்ளம் தெரியும், காம்புகள் நேரே கீழே பார்க்கும். நார் தளர்ந்துவிட்டால் பள்ளம் மறைந்து அடிப்பக்கம் தட்டையாகும், காம்புகள் ஆளுக்கொரு திசையில் விரிந்து நிற்கும். மடி மேலே ஒட்டியிருக்கும் இடம் வால் பக்கமாக உயர்ந்தும் அகன்றும் இருப்பது நல்லது. பக்கவாட்டில் பார்த்தால் மடியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தொடைக்கு முன்னால் தெரிய வேண்டும். முன்பக்கம் வயிற்றோடு வழுவழுவென்று சேர வேண்டும், அங்கே பை மாதிரி மடிப்பு விழக் கூடாது. மடியின் அடி, பின்னங்கால் முட்டிக்கு மேலேயே நிற்க வேண்டும்.

முட்டிக்குக் கீழே தொங்கும் மடி நம் ஊரில் இன்னும் கஷ்டம். செம்பனை மட்டையில் வரிசையாக முள் இருக்கிறதல்லவா, வெட்டிப் போட்ட மட்டைகளுக்கு நடுவே மேயும் ஆட்டுக்கு முதலில் கீறல் விழுவது அந்த மடியில்தான். கீறல் வழியாகக் கிருமி போகும். கொட்டிலில் படுத்து எழும்போது தன் காம்பைத் தானே மிதித்துக்கொள்ளும். ஈற்றுக்கு ஈற்று மடி இன்னும் இறங்கத்தான் செய்யும், ஏறாது. ஜமுனாபாரி என்ற நெட்டைக்கால் இனத்துக்கு மடி தொங்குகிறதே என்று யாராவது சொன்னால், அதன் கால் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கறவை ஆட்டுச் சங்கத்தின் மதிப்பெண் அட்டையில் கறவைப் பெட்டைக்கு 100க்கு 35 மதிப்பெண் மடிக்கு மட்டுமே. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆண்பிள்ளைகளுக்கு அட்டை, மதிப்பெண் என்றால் ஒரு நம்பிக்கை வரும். நீங்கள் எழுதியதை வைத்து என் ஓட்டு அடக்கமான மடிக்கு. கறந்தபின் அது துவண்டால் வாங்கிவிடுங்கள், மிச்சம் 400 வெள்ளிக்குப் புண்ணாக்கு வாங்கிப் போடலாம்.

கேள்வி: எங்கள் போயர் கலப்புக் குட்டிக்கு ஒரு பக்கம் இரண்டு காம்பு. பாலுக்கு வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கூலிம்

பதில்: போயர் இறைச்சி ஆடு, அதில் கூடுதல் காம்பு சாதாரணம். கறவைக்கு ஆகாது. இரண்டு காம்பும் ஒட்டி வளர்ந்திருந்தால் கையால் கறப்பதே தொல்லை, குட்டி வேறு பால் வராத காம்பைச் சப்பிக்கொண்டு பட்டினி கிடக்கும். இது பரம்பரையாக வருவதால் இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். கறிக்கு வளர்க்கலாம்.

கேள்வி: பால் குடி மறந்த பெட்டைக் குட்டிக்கு மடியே இல்லையே, எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மாவின் மடியைப் பாருங்கள், முடிந்தால் கறக்கும் நேரத்தில் போய். பலர் விட்டுவிடுவது கிடாவை. மடியின் அமைப்பு கிடா வழியாகவும் இறங்கும், அதனால் கிடாவைப் பெற்ற ஆட்டின் மடி எப்படி என்று கேளுங்கள். கிடாவுக்கும் சின்னதாகக் காம்பு உண்டு, விதைப்பைக்கு முன்னால் தடவினால் தெரியும். ஒழுங்காக இரண்டே இரண்டு இருக்க வேண்டும். அம்மா ஆட்டைக் காட்டாமல் சாக்குச் சொன்னால் குட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.