மகள் ஆந்த்ரோபாலஜி படிக்கிறேன் என்கிறாள்: ஆர்.கே.புரம் அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் சார்.

மகள் பன்னிரண்டாவதில் பயாலஜி எடுத்திருக்கிறாள், நீட் எழுத மாட்டேன் என்கிறாள், டெல்லி யுனிவர்சிட்டியில் ஆந்த்ரோபாலஜி வேண்டுமாம், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "காட்டுவாசிகளைப் பற்றிய படிப்புதானே அது?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதை முதலில் பேசிவிடலாம். படிப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சோற்றுக் கணக்குப் போட்டால் அது தப்பாகத்தான் வரும்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை 1947-ல் தொடங்கியது. அறிவியல் புலத்தில்தான் இருக்கிறது, பட்டமும் பி.எஸ்சி.தான். இதைச் சொன்னாலே பாதிப் பெற்றோரின் முகம் தெளிந்துவிடும், ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை. ஒரு பக்கம் எலும்பு, பல், ரத்தம், மரபணு. இன்னொரு பக்கம் குடும்பம், கல்யாணம், சாமி, சந்தை, அதிகாரம். மனிதன் என்ற ஒரே உயிரை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கிற படிப்பு இது. தமிழில் மானிடவியல் என்கிறோம்.

முதல் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 1974-ல் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் 'லூசி' என்று பெயரிடப்பட்ட, மனிதனுக்கு முந்தைய ஓர் இனத்துப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது சுமார் 32 லட்சம் ஆண்டுகள். அவளுடைய இடுப்பெலும்பையும் முழங்காலையும் பார்த்தால் இரண்டு காலில் நடந்தவள் என்று தெரிகிறது. அந்த இனத்தின் மூளையோ ஏறக்குறைய சிம்பன்சி அளவுதான். மூளை வளர்ந்தபின் நிமிர்ந்து நடந்தோம் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். நடந்ததோ தலைகீழ்: நடை முதலில், பெரிய மூளை வெகு பிந்தி. நம்முடைய ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தின் மிகப் பழைய எச்சங்களாகச் சொல்லப்படுபவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. சுமார் 3 லட்சம் ஆண்டுகள் பழையவை.

இதெல்லாம் ஆப்பிரிக்கக் கதை என்று விட்டுவிட வேண்டாம். 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னை பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கமும் வெளிச்சத்துக்கு வந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற அந்த ஊரின் கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆனால் அவற்றைச் செய்த கையின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. இந்தியாவில் தொல்மனித மண்டையோடு என்று பெயர் சொல்லக் கிடைத்தது, 1982-ல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் அகப்பட்ட ஒரு பகுதிதான். கருவி மலைபோல் கிடக்கிறது, செய்தவரைக் காணோம். இந்த மாதிரி இடைவெளி உங்கள் மகளுக்கு ஆர்வமூட்டுகிறதா, எரிச்சலூட்டுகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கத்துக்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் பக்கத்து முனிர்காவில் வாடகைக்கு இருந்த எந்தத் தமிழ்க் குடும்பத்தையும் கேளுங்கள். ஊரில் ஒரு பெண்ணுக்கு அத்தை மகனோடு கல்யாணம் என்று வீட்டுக்கார ஜாட் அம்மாவிடம் சொல்லிப் பார்த்திருப்பார்கள். அவர் காதைப் பொத்திக்கொள்வார். அவர்கள் வழக்கத்தில் அப்பாவின் கோத்திரம் ஆகாது, அம்மாவின் கோத்திரமும் ஆகாது, சொந்த ஊரிலேயே பெண் எடுப்பதும் ஆகாது. நமக்கோ அத்தை மகன், மாமன் மகன் முறை. சித்தப்பா மகன் அண்ணன் தம்பி. அந்த அம்மாவுக்கு எல்லோருமே 'பாய்', அதாவது அண்ணன் தம்பிதான். இதில் யார் ஒழுக்கமானவர் என்று மானிடவியல் கேட்பதில்லை. வடக்கே கல்யாணம் புதிய சம்பந்தங்களைத் தூரத்தில் உண்டாக்குகிறது, தெற்கே இருக்கிற சொந்தத்தை மறுபடி இறுக்குகிறது என்று அதன் ஏற்பாட்டைப் பார்க்கிறது. இந்தியா முழுக்க இந்த உறவுமுறைகளை ஒப்பிட்டு இராவதி கார்வே 1953-லேயே விரிவாக எழுதிவிட்டார்.

இதே கல்யாணத்தை மரபணுப் பக்கமிருந்தும் பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே, அல்லது ஒரு சிறிய சமூகத்துக்குள்ளேயே மணம் முடித்தால், மறைந்து கிடக்கும் சில பரம்பரை நோய்கள் குழந்தைகளில் தலைகாட்டும் வாய்ப்பு கூடுகிறது. எந்தச் சமூகத்தில் எந்த நோய் என்று தேடுகிற வேலைக்கு உறவுமுறை தெரிந்தவரும் வேண்டும், டிஎன்ஏ தெரிந்தவரும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் மானிடவியல் படித்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பழைய எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்து அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்த ஸ்வாந்தே பேபோவுக்கு 2022-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அப்பாக்களிடம் பேசும்போது இந்தப் பெயர் எனக்கு ரொம்ப உதவுகிறது.

துறைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு, உங்கள் மகள் அதையும் படிப்பாள். பிரிட்டிஷ் காலத்தில் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளை இனவாரியாக அடுக்கப் பார்த்தார். சென்னை மியூசியத்தில் எட்கர் தர்ஸ்டனும் அளவுகோலோடு உட்கார்ந்திருந்தார். மனிதர்களை உயிரியல் இனங்களாகப் பிரிக்க முடியாது என்பது இன்று துறையின் பாலபாடம். உடலை அளக்கும் திறமை மட்டும் வேறு வேலைக்கு வந்துவிட்டது: குழந்தைகளின் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, ஹெல்மெட், இருக்கை, சீருடை வடிவமைப்பு.

சரி, சோற்றுக்கு வருகிறேன்.

பி.எஸ்சி. மட்டும் முடித்தால் வாசலில் வேலை காத்திருக்காது. இதை மழுப்ப விரும்பவில்லை. எம்.எஸ்சி. அல்லது எம்.ஏ. வரை போக வேண்டும். ஐந்தாறு வருடக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வழிகள் பிரிகின்றன. அரசில் முதன்மையானது இந்திய மானிடவியல் ஆய்வகம். 1945-ல் தொடங்கியது, தலைமையகம் கொல்கத்தா, மைசூரிலும் போர்ட் பிளேரிலும் கிளைகள் உண்டு. (தொல்லியல் துறையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு.) ஆள் எடுப்பது குறைவு, எடுக்கும்போது போட்டி கடுமை. ஊட்டியில் இருப்பது போலப் பல மாநிலங்களில் பழங்குடி ஆய்வு மையங்கள், போபாலில் மானிடவியலுக்கென்றே தேசிய அருங்காட்சியகம், நெட் என்ற தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணி, தடயவியல் ஆய்வு எல்லாம் உண்டு.

என் பார்வையில் இப்போது அதிக இடம் இருப்பது வேறு இரண்டு இடங்களில். ஒன்று பொது சுகாதாரம். தடுப்பூசியை ஒரு கிராமம் ஏன் மறுக்கிறது, மாத்திரையை வாங்கியவர்கள் ஏன் விழுங்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். இன்னொன்று குருகிராம், பெங்களூரு கம்பெனிகளில் நடக்கும் யூசர் ரிசர்ச். ஒரு பணப் பரிமாற்றச் செயலியைக் காய்கறிக்காரர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கூடவே இருந்து பார்க்கிற வேலை. நூறு வருடங்களுக்கு முன் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களோடு வாழ்ந்து எழுதினாரே, முறை அதுதான். நம் நாட்டு மானிடவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸ் அதை மைசூர் பக்கத்து ராம்புரா கிராமத்தில் செய்தார். 1959-ல் நம் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சமூகவியல் துறையைத் தொடங்கியவரும் அவரே.

யுபிஎஸ்சி பற்றி நீங்களே கேட்டுவிட்டீர்கள். மெயின்ஸில் ஆந்த்ரோபாலஜி விருப்பப் பாடம், 2 தாள், 500 மதிப்பெண். பாடத்திட்டம் சின்னது என்று பெயர் வாங்கியது. ஆனால் கரோல் பாக் பக்கத்தில், பயிற்சி மையங்கள் நிறைந்த ஓல்டு ராஜிந்தர் நகருக்குப் போய்ப் பாருங்கள்: அதை எடுப்பவர்களில் இன்ஜினியர்களும் டாக்டர்களும் ஏராளம். அதற்கு இந்தப் பட்டம் தேவையே இல்லை. ஐஏஎஸ்ஸுக்காக மட்டும் இதில் சேர்ப்பதாக இருந்தால் நான் வேண்டாம் என்பேன். அதேபோல நீட் வேண்டாம் என்பதற்காக, கையில் கிடைத்த முதல் பி.எஸ்சி.யாக இதை அவள் பிடித்திருந்தாலும் வேண்டாம்.

அவள் உண்மையாகவே விரும்புகிறாளா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை கொடுங்கள். பாட்டியிடம் உட்கார்ந்து நான்கு தலைமுறைக்கு உறவு வரைபடம் போடச் சொல்லுங்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி, பிள்ளைகளுக்குக் கீழ்நோக்கிக் கோடு. நீலகிரியில் 1901-02-ல் தோடர்களிடம் ஆங்கில மானிடவியலாளர் ரிவர்ஸ் இப்படித்தான் வம்சாவளி வாங்கினார். முக்கால் மணி நேரத்தில் பாட்டி எங்கேயாவது தயங்குவார். ஒரு இரண்டாம் தாரம், பேச்சு நின்றுபோன ஒரு தம்பி, பிறந்த உடனே போன ஒரு குழந்தை. அங்கே உங்கள் மகள் என்ன செய்கிறாள்? பேனாவை வைத்துவிட்டுக் காத்திருக்கிறாளா, போனை எடுக்கிறாளா? எலும்புப் பக்கத்துக்கு ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஹரப்பா கூடத்தில் ஹரியானாவின் ராக்கிகடியில் கிடைத்த பெண்ணின் எலும்புக்கூடு இருக்கிறது. அது பெண் என்று எப்படித் தெரியும் என்று அவளாகக் கேட்டால் நல்ல அறிகுறி.

களப்பணி என்றால் பெண் பிள்ளையை எங்கே அனுப்புவார்களோ என்பது நீங்கள் எழுதாத கேள்வி. கல்லூரிக் களப்பணி ஆசிரியரோடு குழுவாகப் போவது. பிற்பாடு தனியே போகும் காலமும் வரலாம். இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் மதுமாலா சட்டோபாத்யாய் 1991 ஜனவரியில் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்குப் போன குழுவில் இருந்தார். யாரையும் அண்டவிடாத சென்டினல் மக்கள் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கி வந்து தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். போகுமுன் ஆபத்து தெரிந்தே போகிறேன் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவருடைய பெற்றோரும் எழுதிக் கொடுத்தார்கள். உங்களிடம் யாரும் அப்படிக் கேட்கப் போவதில்லை. அந்தத் தீவுக்கு இப்போது யாரும் போகவே கூடாது.

ஆக வேண்டியது இதுதான். சேர்க்கை சியுஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு வழியே. டெல்லிப் பல்கலையில் இளநிலை ஆந்த்ரோபாலஜி வெகு சில கல்லூரிகளில்தான், ஹன்ஸ்ராஜ் அவற்றில் ஒன்று. அதனால் இரண்டாவது விருப்பமாக வேறொரு பாடமும் பட்டியலில் இருக்கட்டும். விண்ணப்பத்தில் எந்தெந்தப் பாடங்களை எழுத வேண்டும் என்பதை அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்த பிறகே டிக் செய்யுங்கள். பயாலஜியை அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம். சேர்ந்த பிறகு, இரண்டாம் வருடம் முடிவதற்குள் ஆய்வுக்கூடப் பக்கமா, களப் பக்கமா என்று அவள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் போனாலும் புள்ளியியல் வேண்டும். அந்தத் தாளைக் கண்டு ஓடுகிற பிள்ளைகள்தான் பின்னால் வேலை தேடி என்னிடம் வருகிறார்கள்.