பாலாறும் பிழைப்பும்: பெண்கள் கேட்ட கேள்விகள்

வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு இது இன்னும் பழைய வடாற்காடு மாவட்டம்தான். இங்கே மகளிர் குழுக்களோடு சேர்ந்து தண்ணீர், குப்பை, மரம் சார்ந்த வேலைகளைச் செய்து வருகிறேன். இந்த வேலைகளில் இறங்க நினைக்கும் பெண்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நான் காலணித் தொழிற்சாலையில் தைக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை. டேனரிக் கழிவு கலக்கும் பாலாற்றைப் பற்றி வாய் திறந்தால் "நம் சோற்றில் நீயே மண்ணைப் போடுகிறாயா" என்கிறார்கள். என்ன செய்வது? (ஆம்பூர்)

இந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல நினைத்தேன். தொழிலா ஆறா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் உங்களை மடக்க முடியாது. இதற்கான விடையை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்றே சொல்லிவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருகிறது என்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்றது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே அறிவித்தது. இன்று சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர் எவரும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் தேர்வு எழுத முடியாது.

அந்தத் தீர்ப்பையொட்டி அமைந்த ஆணையம், 2001இல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. அதோடு பிரச்சினை தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இழப்பீட்டைக் கொடுங்கள், ஆற்றைச் சீர்செய்யுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறையே உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்துவிட்டது.

ஆகவே "டேனரியை மூடு" என்று நீங்கள் போய் நிற்க வேண்டியதில்லை. "கழிவை முழுதாகச் சுத்திகரி" என்று கேளுங்கள். அந்த ஆலையில் சம்பளம் வாங்கும் வீட்டுப் பெண் இதைக் கேட்கும்போது, வெளியூர்க்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. பேச்சைத் தொழிற்சாலை வாசலில் ஆரம்பிக்காமல் தெருக்குழாயில் ஆரம்பியுங்கள். குடிதண்ணீர் என்றால் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

எங்கள் போர்வெல் தண்ணீர் கரிக்கிறது. டிடிஎஸ் மீட்டர் வாங்கி நாங்களே பார்த்தால் போதுமா? (வாணியம்பாடி)

மீட்டர் வாங்குங்கள். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் அது காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். தோல் பதனிடப் பயன்படும் உலோகமான குரோமியத்தை அந்த மீட்டரால் கண்டுபிடிக்க முடியாது. அதன் வரம்பு லிட்டருக்கு வெறும் 0.05 மில்லிகிராம். மீட்டர் 400 காட்டினாலும் அந்தத் தண்ணீரில் குரோமியம் இல்லை என்று அர்த்தமில்லை. கொதிக்க வைத்தாலும் உப்பும் குரோமியமும் போகாது. தண்ணீர் ஆவியாகி, மீதியில் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

மாதிரி எடுக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மோட்டாரைப் போட்டதும் வரும் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். குழாயில் தேங்கியது வெளியேறும் வரை சில நிமிடம் ஓடவிடுங்கள். புதிய பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். தேதி, தெரு, போரின் ஆழம், எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் அங்கேயே பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எந்தப் பாட்டில் எந்தத் தெரு என்பதே குழம்பிவிடும். குரோமியத்துக்கு என்று தனியாகக் கேட்டு ஆய்வகத்தில் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் விசாரியுங்கள். வீட்டுக்கு வீடு குழாய்க் குடிநீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் பெயர்களைக் கொடுங்கள்.

ஒரு முறை எடுத்த அளவை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. அதே போர்வெல், மாதாமாதம் அதே தேதி, ஒரே நோட்டு என்று எழுதி வாருங்கள். மழைக்கு முன்னும் பின்னும் எண்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்த பெண்ணை அதிகாரியால் எளிதில் ஏய்க்க முடியாது.

எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். அம்மா பி.எட். சேரச் சொல்கிறார். சுற்றுச்சூழல் துறையில் உண்மையிலேயே வேலை இருக்கிறதா? (காட்பாடி)

இருக்கிறது, அதுவும் நம் ஊர்ப் பக்கமே இருக்கிறது. டேனரிக் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஆய்வக ஆட்கள் வேண்டும். தோல் ஏற்றுமதி நிறுவனங்களிடம் வெளிநாட்டு வாங்குபவர்கள் சூழல் தணிக்கைச் சான்று கேட்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள வேதியியல் தெரிந்தவர் தேவை. அங்கீகாரம் பெற்ற தனியார் நீராய்வகங்கள் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணி இருக்கிறது. அறிவிப்பு எப்போதாவதுதான் வரும் என்பதால் அதற்காக மட்டும் காத்திருக்காதீர்கள். முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கருவிகளைக் கையாளவும், ஓர் அறிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி எழுதவும் பழகுங்கள். நேர்முகத்தில் சம்பளத்தைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியை ஐடா ஸ்கடர் இதே வேலூரில் 1918இல் ஆரம்பித்தபோது, அதுவும் பெண்களுக்கு ஏற்ற வேலையா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

நான் தூய்மைக் காவலர். வீடு வீடாகக் குப்பை வாங்குகிறேன். குப்பைக்காரி என்று கூப்பிடுகிறார்கள். இதெல்லாம் சுற்றுச்சூழல் வேலையா? (வாலாஜா பக்கம்)

இதுதான் சுற்றுச்சூழல் வேலை, அம்மா. மேடையில் மரக்கன்று பிடித்துப் படம் எடுப்பதைவிட நீங்கள் செய்வது பெரிது. மாதம் 3,600 ரூபாயாக இருந்த உங்கள் ஊதியத்தை 2022இல் 5,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். அது போதாது என்பதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லுவேன். "சேவை மனப்பான்மை" என்று புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைக்கும் வழக்கம் பெண்கள் விஷயத்தில்தான் அதிகம். கையுறை, காலணி, முகக்கவசம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நாப்கின், டயப்பர் போன்றவற்றைத் தனியே பொதிந்து தர வேண்டியது வீட்டாரின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். வெறும் கையால் அதைப் பிரிக்க முடியாது என்று சொல்லுங்கள்.

காயலான் கடைக்கு விற்கும் உலர் குப்பைக்குக் கணக்கு நோட்டு வையுங்கள். பால் கவர், அட்டை, பெட் பாட்டில் என்று தனித்தனியாகப் பிரித்தால் விலை கூடும். வேலூர் சி. சீனிவாசன் குப்பையை வளமாகப் பார்க்கச் சொல்லி உருவாக்கிய முறையில், சத்தீஸ்கரின் அம்பிகாபூர் நகரத்தையே மகளிர் குழுக்கள் சுத்தமாக வைத்திருக்கின்றன. விற்ற பணத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

எங்கள் உரக்குழி நாறுகிறது. அக்கம்பக்கத்தார் சண்டை. (குடியாத்தம்)

ஈரம் அதிகம், காற்று குறைவு. காய்ந்த சருகை நிறையச் சேர்த்துக் கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டொரு சொட்டுதான் வர வேண்டும். ஒழுகினால் இன்னும் சருகு தேவை.

மஞ்சப்பை தைத்து விற்றால் குழுவுக்குக் கட்டுப்படியாகுமா? (பேரணாம்பட்டு)

கடை கடையாக ஒன்றிரண்டு விற்றால் ஆகாது. திருமண மண்டபம், ஜவுளிக்கடை, பள்ளி என்று மொத்த ஆர்டர் கையில் இருந்தால் மட்டும் துணி வாங்குங்கள்.

நூறு நாள் வேலையில் நாகநதிக்காக உறைகிணறுகள் கட்டினோம். ஊர் ஊராகப் பாராட்டினார்கள். இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. (கணியம்பாடி)

பிரதமர் வானொலியில் உங்களைப் பற்றிப் பேசியதை நானும் கேட்டேன். உங்கள் உழைப்பு அதற்குத் தகுதியானது. ஆனால் மழைநீரை ஆழத்துக்கு இறக்கும் கிணறு, வண்டல் அடைத்துக்கொண்டால் வெறும் குழிதான். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் அதைத் தூர்வார வேண்டும், அதற்குக் கூலி வேண்டும். இதை மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். வாய்ப்பேச்சாக விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. அடுத்த தேர்தலில் உங்களில் ஒருவர் நின்றால் என்ன?

இரவில் டேங்கர் வந்து ஓடையில் கழிவை விடுகிறது. தட்டிக் கேட்கப் பயமாக இருக்கிறது. (ராணிப்பேட்டை)

பயப்படுவது சரிதான். யாரும் தனியாகப் போய் வண்டியை மறிக்காதீர்கள். பாதுகாப்பான தூரத்திலிருந்து படம், நேரம், வண்டி எண் எடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் பத்துப் பேராகப் போய் மனு கொடுங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல். நடவடிக்கை இல்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்தது, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும், சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயம். மனு யார் பெயரில் இருந்தாலும் ஒப்புகைச் சீட்டின் நகல் குழுவில் மூன்று பேரிடமாவது இருக்கட்டும்.