கனத்தைப் பார்த்து நண்டு வாங்குங்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நண்டைப் பற்றியவை, அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு நண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 15 காலையிலேயே காசிமேட்டுக்குப் போனால் புது நண்டு கிடைக்குமா? (சென்னை வாசகர்)

அவசரப்படாதீர்கள். கிழக்குக் கடற்கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். நள்ளிரவில் படகு கிளம்பினாலும் வலை போட்டு, இழுத்து, கரை சேர்ந்து, ஏலம் முடிந்து உங்கள் பைக்கு வர நேரம் வேண்டாமா? அன்று காலை கூடையில் இருப்பது பெரும்பாலும் நாட்டுப்படகில் வந்த நண்டாகவோ வெளியூரிலிருந்து ஐஸ் போட்டு வந்ததாகவோ இருக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கே நிற்கும், விலையும் அதற்கேற்றபடி ஏறும். இரண்டாவது வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ விடியற்காலையில் போங்கள், நின்று நிதானமாகப் பார்த்து எடுக்கலாம்.

இன்னொன்று, தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை. கரையோரம் நண்டு வலை போடுகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களிலும் நல்ல நண்டு கொண்டுவருகிறார்கள். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதியில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அங்கே இருப்பவர்கள் ஆகஸ்ட் வரை பொறுக்க வேண்டும்.

பெரிய பெரிய நண்டாகப் பொறுக்கி இரண்டு கிலோ வாங்கினேன். உடைத்தால் உள்ளே வெறும் தண்ணீர். ஏமாற்றிவிட்டார்களா? (மதுரை வாசகி)

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அது தண்ணி நண்டு. நண்டு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றிப்போட்டாக வேண்டும். புது ஓடு உடம்பைவிடப் பெரிதாக இருக்கும், அந்த இடைவெளியைத் தண்ணீர்தான் நிரப்பும், அப்புறம் தின்று தின்று மெல்லச் சதை வைக்கும். அதற்குள் வலையில் மாட்டிவிட்டால் உங்களுக்கு வந்த மாதிரிதான், ஆள் பெரிது, உள்ளே ஒன்றும் இருக்காது.

அதனால் அளவைப் பார்க்காதீர்கள், கனத்தைப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு நண்டை ஒவ்வொரு கையில் தூக்கிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். என் அம்மா நாகப்பட்டினத்தில் கூடை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நண்டாக எடுத்துக் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டுவார். தளும்புகிற சத்தம் லேசாகக் கேட்டாலும் திரும்பக் கூடையில் போட்டுவிடுவார், விற்கிற அம்மா என்ன சொன்னாலும் சரி. அடுத்து நண்டைப் புரட்டிப்போட்டு, அடிப்பக்கத்தில் கால் முளைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்துவார். கெட்டியாக நின்றால் சதை இருக்கிறது, அட்டை மாதிரி உள்ளே போனால் வேண்டாம். அடிவயிறு பளிச்சென்று புதுச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தால் ஓடு கழற்றி அதிக நாள் ஆகவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் மங்கி, மஞ்சளோடி, அழுக்கேறியிருக்கிற நண்டைத்தான் நான் எடுப்பேன். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் உள்ளே நிறைந்திருக்கும்.

அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டில் இருக்காது என்று கரையில் சொல்வார்கள். நான் நாள் பார்த்து வாங்குவதில்லை, கையில் கனத்தால் எந்த நாளானாலும் வாங்குகிறேன்.

ஆணா பெண்ணா என்பதையும் புரட்டிப்போட்டதும் பார்த்துவிடலாம். அடிவயிற்று மூடி குறுகலாகக் கூம்பி இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் வளர்ந்த பெண். நீலக்கால் நண்டில் புரட்டவே வேண்டாம், நீலமும் வெள்ளைப் புள்ளியுமாக இருப்பது ஆண், பாசிப்பழுப்பாக இருப்பது பெண். கொடுக்குச் சதை வேண்டுமென்றால் ஆண் நண்டை எடுங்கள்.

உயிரோடு இருக்கிற நண்டைத்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊர் மார்க்கெட்டில் எல்லாம் செத்துத்தான் கிடக்கிறது. (திருச்சி வாசகர்)

சேற்று நண்டுக்கு அந்தப் பேச்சு நூற்றுக்கு நூறு சரி. பழவேற்காடு, பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கம் கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டிலும் பிடிக்கிற அந்த நண்டு, கயிறு கட்டி ஈரச் சாக்கில் வைத்தால் சில நாள் தாங்கும். செத்த சேற்று நண்டை யார் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். கட்டியிருக்கிற கயிறு தடியாக ஈரத்தோடு இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள், அதையும் கவனியுங்கள்.

நீலக்கால், முக்கண், சிலுவை நண்டு எல்லாம் கடல் நண்டு, தண்ணீரை விட்டு வந்தால் சீக்கிரம் செத்துவிடும். திருச்சி வரை உயிரோடு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஐஸிலேயே வந்ததா என்று பாருங்கள். காலைத் தூக்கினால் விறைப்பாக இருக்க வேண்டும், தொங்கி உதிரக் கூடாது. ஓட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள். கடல் வாசனை வரலாம், மூக்கில் ஏறுகிற நெடி வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வயிற்றில் முட்டையோடு இருக்கிற நண்டுக்குத்தான் ருசி அதிகம் என்று கேட்டு வாங்குகிறோம். அது தப்பா? (காரைக்கால் வாசகி)

இதை நீங்கள் கேட்டதற்கு நன்றி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓட்டைத் திறந்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கட்டியாக இருக்கிறதே, நீங்கள் ருசி என்று சொல்வது அதுதான். வெளியே, அடிவயிற்று மூடிக்குக் கீழே பஞ்சு மாதிரி கொத்தாக ஒட்டிக்கொண்டிருப்பது பொரிக்கப் போகிற முட்டை. ஒரு நீலக்கால் நண்டு பல லட்சம் முட்டை சுமக்கும். முதலில் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்து, வளர வளரப் பழுப்பாகிக் கறுத்துவிடும், கறுத்தால் குஞ்சு வெளியே வர ஒன்றிரண்டு நாள்தான். சமைத்தால் அதில் ருசியும் இல்லை, மணல் மாதிரி நறநறவென்றுதான் இருக்கும்.

கடல் குஞ்சு பொரிக்கட்டும் என்றுதான் மீனவர்கள் இரண்டு மாதம் படகைக் கட்டிப்போட்டு, கையில் வருமானம் இல்லாமல் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அது முடிந்த வாரமே நாம் போய் முட்டை நண்டு வேண்டுமென்று கேட்டால் எனக்கு மனம் ஆறவில்லை. நாம் கேட்பதால்தான் அதற்குத் தனி விலை. நான் கூடையில் பார்த்தால் எடுப்பதில்லை, ஏன் எடுக்கவில்லை என்று விற்கிறவரிடம் சொல்லிவிட்டும் வருவேன்.

உயிருள்ள நண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் காலெல்லாம் கழன்றுவிடுகிறதே? (கோவை வாசகர்)

பயத்தில் நண்டே காலை உதிர்த்துவிடும், பல்லி வாலை விடுகிற மாதிரி. அதற்கும் வேதனை, உங்களுக்கும் சதைக்குள் தண்ணீர் ஏறிச் சுவை போய்விடும். கயிற்றை அவிழ்க்காமல் அரை மணி நேரம் ஃப்ரீஸரிலோ ஐஸுக்குள்ளோ வையுங்கள், அசைவு அடங்கிவிடும். பிறகு புரட்டி, அடிவயிற்று மூடியைத் தூக்கி, கூர்மையான கத்தியை அங்கே இறக்கினால் முடிந்தது. ஓட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் விரல் விரலாக இருக்கிற செவுளைப் பிய்த்து எறிந்துவிடுங்கள்.

பையனுக்கு நண்டு சாப்பிட்டால் உதடு வீங்குகிறது. கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாமா? (சேலம் வாசகி)

கூடாது. ரசம்கூட வேண்டாம். இறாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதனால் டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூச்சு இழுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

உங்கள் வீட்டில் முதல் நண்டை எப்படிச் சமைப்பீர்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

முதல் நண்டுக்கு மசாலா கிடையாது. மஞ்சள்தூள், கல் உப்பு, கொஞ்சமாகத் தண்ணீர், மூடிபோட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஓடு முழுக்கச் சிவந்து, சதை வெள்ளையாகி ஓட்டை விட்டுப் பிரிய வேண்டும், அதற்கு மேல் அடுப்பில் விட்டால் நாராகிவிடும். வராந்தாவில் பேப்பர் விரித்து நடுவில் கொட்டி, கொடுக்கு உடைக்க அம்மிக் குழவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். சின்னக் கால்களைத் தூக்கிப் போடுவதில்லை, மிளகு, சீரகம், பூண்டோடு அம்மியில் தட்டி ரசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டிவிடுவோம். குழம்பு இரண்டாவது தடவை வாங்கும்போது. யாழ்ப்பாணத்தில் செய்வது மாதிரி இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டுப் பாருங்கள், சோறு கூடுதலாக வடித்து வைத்துக்கொள்ளுங்கள்.