வேதாளத்தின் வழி வந்த படங்கள்: கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காட்டில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வாசகசாலை மாடியில் சனிக்கிழமை இரவுகளில் படம் திரையிட்டு வருகிறேன். ஒரே படத்தில் பல பேய்க்கதைகளைக் கோத்துத் தரும் ஆந்தாலஜி வகையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மாஷ், இந்த வகையில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதில் தொடங்குவது? (கல்லூரி மாணவர், வண்ணாமடை)

1945இல் பிரிட்டனின் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த ‘டெட் ஆஃப் நைட்’ படத்தில் தொடங்குங்கள் தம்பி. கட்டடக் கலைஞர் ஒருவர் ஒரு கிராமத்து வீட்டுக்கு வருகிறார். அங்கே கூடியிருக்கும் அத்தனை பேரையும் தன் கனவில் முன்பே கண்டிருப்பதாகச் சொல்கிறார். அதைக் கேட்டதும் ஒவ்வொருவரும் தமக்கு நேர்ந்த விபரீதத்தைச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஐந்து கதைகள், நான்கு இயக்குநர்கள். கோல்ஃப் ஆட்டக்காரர்களின் கதை சுமார்தான். ஆனால் மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு குரல் மாற்றிப் பேசும் கலைஞராக மைக்கேல் ரெட்கிரேவ் நடித்திருக்கும் கதை, எண்பது ஆண்டுகள் ஆகியும் என்னை நடுங்க வைக்கிறது. அந்த வரவேற்பறையை மட்டும் கண் எடுக்காமல் கவனியுங்கள். கதை சொல்லி முடித்தவர்களை அது சும்மா விடுவதில்லை. முடிவைச் சொல்லமாட்டேன்.

அம்புலிமாமாவில் வேதாளக் கதை படித்து வளர்ந்தவன் நான். அதையும் இந்த வகையில் சேர்க்கலாமா? (ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர், கோபாலபுரம்)

சேர்ப்பதா? அதிலிருந்துதான் தொடங்க வேண்டும், அண்ணா. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த ‘கதாசரித்சாகர’த்துக்குள்ளேயே வேதாளக் கதைகள் இருக்கின்றன. மரத்தில் தொங்கும் பிணத்தை அரசன் தோளில் சுமந்து நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். கதை கேட்பவனுக்கும் ஆபத்து உண்டு என்பதை இதைவிட நன்றாக யார் சொல்லியிருக்கிறார்கள்? எந்த ஆந்தாலஜியைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: யார் சொல்கிறார், யார் கேட்கிறார், கேட்டவருக்கு என்ன ஆகிறது. இந்தச் சரடு இல்லாவிட்டால் நான்கு குறும்படங்களை ஒட்டவைத்தது போலத்தான் இருக்கும்.

இந்தியாவில் நல்லதாக ஒன்று சொல்லுங்கள், சார். (மருந்துக்கடை ஊழியர், சித்தூர்)

சத்யஜித் ராய் 1961இல் தாகூரின் மூன்று கதைகளை ‘தீன் கன்யா’ என்ற பெயரில் எடுத்தார். நடுவில் வரும் ‘மணிஹாரா’ பேய்க்கதை. நகைமேல் பித்துப் பிடித்த ஒரு மனைவி, பெரிய மாளிகை, அவள் காணாமல் போன பிறகு இரவில் கேட்கும் நகையொலி. அந்தக் கதையை ஒரு பள்ளி ஆசிரியர் படித்துறையில் உட்கார்ந்து, போர்வை போர்த்திய ஓர் அந்நியருக்குச் சொல்கிறார். அந்த அந்நியர் யார் என்பதில்தான் முடிச்சு. வெளிநாடுகளில் திரையிட்டபோது இந்தக் கதையை வெட்டிவிட்டு, மற்ற இரண்டை மட்டும் காட்டினார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. ஆகவே நீங்கள் பார்க்கும் பிரதியில் மூன்று கதைகளும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘கோஸ்ட் ஸ்டோரீஸ்’ நான்கு கதைகளில் திபாகர் பானர்ஜியின் கதையை மட்டும் பார்த்தால் போதும். பெரிய ஊர்க்காரர்கள் சின்ன ஊர்க்காரர்களைத் தின்கிறார்கள். எல்லையோரச் சிற்றூரில் வாழும் நமக்கு அது எளிதில் புரியும்.

மலையாளப் பேய்ப்படம் ‘பிரமயுகம்’ ஆந்தாலஜியா?

இல்லை, ஒரே கதை. ஆனாலும் கட்டாயம் பாருங்கள், விளக்கை அணைத்துவிட்டு.

ஜப்பானியப் படங்கள் மெதுவாகப் போகின்றன. ‘குவைதான்’ பாதியில் தூங்கிவிட்டேன், ஐயா. (மென்பொருள் பணியாளர், வாளையார்)

மூன்று மணி நேரப் படத்தை வேலை முடிந்து வந்த களைப்போடு ஒரே மூச்சில் பார்த்திருப்பீர்கள். நான்கு கதைகள் இருக்கின்றன. நான்கு இரவுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மசாகி கோபயாஷி பெரும்பகுதியையும் அரங்கத்துக்குள்ளேயே எடுத்தார். வானம்கூடத் தீட்டப்பட்ட திரைதான். பனிப்பெண் கதையில் அந்த வானத்தில் கண்கள் விழித்துப் பார்க்கும். மூன்றாவது கதையில் பார்வையற்ற இசைக்கலைஞன் ஹோய்ச்சி, போரில் மாண்டவர்களின் ஆவிகளுக்கு அவர்களுடைய போர்க்கதையையே பாடிக்காட்டுகிறான். அவனைக் காப்பாற்ற உடல் முழுவதும் மந்திரம் எழுதுகிறார்கள்; காதுகளை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கதையை முதலில் பாருங்கள். தூக்கம் வராது.

பத்து வயது மகளோடு பார்க்க ஏதாவது உண்டா? (தாய், மீனாட்சிபுரம்)

1959 முதல் 1964 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘தி ட்வைலைட் ஸோன்’. மொத்தம் 156 பகுதிகள். பெரும்பாலானவை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரத்தம் இல்லை. தொடரை உருவாக்கிய ராட் செர்லிங் முன்னால் வந்து நின்று கதையைத் தொடங்கிவைப்பார். ஒரு பகுதியை நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, பிறகு மகளுக்குக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றே போதும்.

எங்கள் பாட்டி சொன்ன யட்சிக் கதைகளைப் போல ஒரு படமும் இல்லையே, ஏன்? (அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, கொழிஞ்சாம்பாறை)

அக்கா, நானும் இதே கேள்வியோடுதான் இருக்கிறேன். கரும்பனையில் குடியிருப்பவள், வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பவள், பனையையே மாளிகையாகக் காட்டி அவனை மேலே அழைத்துப்போகிறவள். விடிந்ததும் மரத்தடியில் முடியும் நகமும் மட்டும் கிடக்கும். மலம்புழாவில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் அவளுக்குச் சிலை வைத்தார். கொட்டாரத்தில் சங்குண்ணி, கேரளத்துப் பழங்கதைகளின் தொகுப்பான ‘ஐதீகமாலை’யில் அவளை மலையாளத்தில் எழுதிவைத்தார். இந்தப் பக்கத்துப் பாட்டிகள் தமிழில் சொன்ன யட்சியோ இன்னும் வாய்மொழியாகவே இருக்கிறாள். நான்கு பனைகள், நான்கு கதைகள், அவற்றைச் சொல்லிக்கொண்டு வரும் ஒரு வண்டிக்காரன். ஒரு படத்துக்கு இது போதாதா?

வரும் சனிக்கிழமை படம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாக மாடிக்கு வாருங்கள். பாட்டி சொன்னபடியே சொல்லுங்கள், நான் ஒலிப்பதிவு செய்துகொள்கிறேன். படி ஏறக் கஷ்டமாக இருந்தால் கீழேயே நாற்காலி போடச் சொல்கிறேன்.